மூன்றாவது சிலிண்டரில் அழுத பெண்

பல்லடத்திலிருந்து திருப்பூர் போகும் தனியார் பஸ்களுக்கு ஒரு புதிய நிறுத்தம் முளைத்திருந்தது. பலகை கிடையாது. நிழற்குடை கிடையாது. கண்டக்டர்களே உண்டாக்கிக்கொண்டது. "ரேடியேட்டர் சித்தரெல்லாம் எறங்குங்க" என்று குரல் கொடுப்பார்கள். பாதி பஸ் காலியாகும். இறங்குகிறவர்கள் அத்தனை பேரும் கார் வைத்திருப்பவர்கள். காரைக் கயிறு கட்டி இழுத்து முன்னாலேயே அனுப்பிவிட்டுப் பின்னால் பஸ்ஸில் வருகிறவர்கள்.

தறிகளை விற்றுவிட்டுக் காலியாகக் கிடந்த விசைத்தறிக் கொட்டகை அது. இப்போது அங்கே கார்கள் நின்றன. ஒவ்வொரு பானட்டின் மேலும் ஓர் எலுமிச்சம்பழம். நம்பர் பிளேட் முழுக்கச் சந்தனம். எண்ணில் ஏறியிருக்கும் சனியைச் சந்தனம் குளிர வைக்கும் என்பது சித்தரின் கண்டுபிடிப்பு. வாசலில் ஒரு பெரிய பிளெக்ஸ்: "பானட்டைத் திறந்து பார்ப்பவன் மெக்கானிக். திறக்காமலே பார்ப்பவர் சித்தர்."

சித்தரின் பெயர் ராஜவேல். இதற்கு முன்பு சீட் கவர் தைத்துக்கொண்டிருந்தார். அளவு பிசகாமல் தைத்திருந்தால் இன்றைக்கும் தைத்துக்கொண்டிருப்பார். ஏற்றுமதியில் கழித்துப் போட்ட காவி நிற டி-ஷர்ட் அணிந்திருந்தார். அதன் முதுகில் ஏதோ ஒரு நாட்டு நீச்சல் குழுவின் பெயர் அச்சிட்டிருந்தது. அது வேற்று மொழி மந்திரம் என்று பக்தர்கள் தொட்டுக் கும்பிட்டார்கள். கழுத்தில் உருத்திராட்சம் கோத்த ஸ்டெதஸ்கோப். அதைப் பானட்டின் மேல் வைத்துக் கண்ணை மூடிக் கேட்பார். பிறகு எஞ்சினுக்கு என்ன தோஷம் என்று சொல்வார். தோஷம் இல்லாத எஞ்சின் ஒன்றைக்கூட அவர் இதுவரை கேட்டதில்லை.

எல்லா வண்டிக்கும் வைத்தியம் உண்டு என்றாலும், அவருக்கு நிஜமான பேர் வாங்கித் தந்தவை ஹைபிரிட் கார்கள்தான். பெட்ரோல் எஞ்சின் ஒன்று, பேட்டரியில் ஓடும் மோட்டார் ஒன்று என்று இரண்டையும் வயிற்றில் வைத்திருக்கும் வண்டிகள். நின்றுகொண்டிருக்கும்போது எஞ்சின் தானாக அணையும். யாரும் சாவியைத் தொடாமலே மறுபடி எழும். சத்தமே இல்லாமல் வாசலை விட்டு நகரும். காசு கொடுத்து வாங்கியவர்களுக்கே அதைப் பார்த்தால் உள்ளுக்குள் கொஞ்சம் உதறல்தான். அந்த உதறலில்தான் சித்தர் கொட்டகை போட்டார்.

சென்னியப்பனிடம் அப்படி ஒரு கார் இருந்தது. திருப்பூருக்கு வெளியே அறுபது தையல் மிஷின் போட்டுக் குழந்தைகள் பனியன் தைக்கும் கம்பெனிக்காரர். தொழிலில் படு கெட்டி. நூல் வாங்கினால் அது சுற்றிய கோனைப் பிரித்து, இழுத்து, அறுத்துப் பார்த்துத்தான் வாங்குவார். துணி வந்தால் எடை போட்டு, துவைத்து, சுருங்குகிறதா என்று ஸ்கேல் வைத்து அளப்பார். யார் சத்தியம் செய்தாலும் நம்பமாட்டார். இதெல்லாம் கம்பெனி கேட்டுக்கு உள்ளே. கேட்டைத் தாண்டினால் அவரைப் போல நம்புகிற ஆளைப் பார்ப்பது அரிது.

அவருடைய காருக்கு ஒரு வியாதி வந்தது. காலையில் முதல் தடவை ஸ்டார்ட் செய்தால் குளிர்ஜுரம் கண்டதுபோல் தடதடவென்று உதறும். டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு மினுக்கும். பின்னால் வெள்ளைப் புகை வரும். ஒன்றரை நிமிஷம் போனால் எல்லாம் அடங்கிவிடும். அப்புறம் நாள் முழுக்கப் பட்டுப் போல ஓடும். அதோடு எஞ்சினைக் குளிர வைக்கும் கூலன்ட் டப்பாவில் அளவு குறைந்துகொண்டே வந்தது. தரையில் ஒரு சொட்டு ஒழுகலைக் காணோம்.

சென்னியப்பன் முதலில் மெக்கானிக்கிடம்தான் போனார். அதைச் சொல்லாவிட்டால் அவருக்கு அநியாயம் செய்ததாகும். ஒருவர் ஸ்பார்க் பிளக் மாற்றினார். இன்னொருவர் காயில் மாற்றினார். மூன்றாமவர் காரை நாலு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு, "வண்டி தங்கமாட்டம் இருக்குதுங்க. நீங்கதான் ரெண்டு நாளைக்கு ரெஸ்ட் எடுக்கோணும்" என்றார். பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடிச் சூடாகிப் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்த கார் உதறாது. உதறும் நேரத்தில், அதாவது விடிகாலையில், மெக்கானிக் ஒருவரும் சென்னியப்பன் வீட்டு வாசலில் இல்லை.

"நம்மூட்ல மட்டும் ஆடுது. வெளிய போனா ஆடுறதில்லீங்க" என்றார் மனைவி வேலாத்தாளிடம்.

"அப்ப ஊட்லதானுங்க ஏதோ இருக்குது" என்றார் வேலாத்தாள். அன்று மாலையே போனில் சித்தரின் வீடியோ ஒன்றைக் காட்டினார். இப்படித்தான் ஆரம்பித்தது.

காரை முதல் நாளே கொண்டுவந்து விட்டுவிட வேண்டும் என்பது கொட்டகைச் சட்டம். இரவு முழுவதும் அது அங்கே நிற்கும். விடிந்ததும் கூட்டத்துக்கு நடுவில்தான் ஸ்டார்ட் செய்வார்கள். உதவியாளர் கந்தவேல் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "ஆடப் போவுது, எல்லாரும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்பார். கார் ஆடும். பெண்கள் சிலரும் சேர்ந்து ஆடுவார்கள். சித்தர் ஸ்டெதஸ்கோப்பைப் பானட்டில் அழுத்திக்கொண்டு மந்திரம் சொல்லத் தொடங்குவார். ஒன்றரை நிமிஷ மந்திரம். கடைசி வரிக்கு வரும்போது உதறல் நிற்கும். இன்னும் இரண்டு வரி கூடுதலாகச் சொன்னால் எஞ்சினே மௌனமாகிவிடும். ஜனம் அப்படியே கைகூப்பும். சூடேறியதும் ஹைபிரிட் எஞ்சின் தானாகவே அணைந்துகொள்ளும் என்று காரோடு கொடுத்த புத்தகத்தில் படம் போட்டே விளக்கியிருந்தது. அந்தப் புத்தகம் எல்லார் காரிலும் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் டாஷ்போர்டுப் பெட்டியில் பத்திரமாக இருந்தது.

சென்னியப்பன் காருக்குச் சித்தர் தோஷம் சொன்னார். "உள்ள ரெண்டு பேரு இருக்கறாங்க. ஒருத்தன் நெருப்பு, ஒருத்தி மின்னலு. ஒரே ஊட்ல குடியிருக்கறாங்க, இன்னும் கண்ணாலம் ஆவலை. அதுதான் தலையில இடிக்குது."

சென்னியப்பன் கலங்கிப் போனார். "அதுக்கு என்னங்க சாமி பண்றது?"

"கண்ணாலம் பண்ணி வெச்சரோணும்."

பத்திரிகை அடித்தார்கள். 'திருநிறைச்செல்வன் பெட்ரோல் எஞ்சினுக்கும் திருநிறைச்செல்வி மின் மோட்டாருக்கும்' என்று மஞ்சள் தாளில், ஓரங்களில் குங்குமம் தடவி. இருநூறு பேர் வந்தார்கள். பெண் வீட்டார் யார் என்பதில் ஒரு சச்சரவு வந்தது. பேட்டரிக் கடைக்காரர் ஒருவரைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்கார வைத்ததும் தீர்ந்தது. அவரும் தாரை வார்க்கும்போது உண்மையாகவே கண் கலங்கினார். தாலியைப் பானட்டின் முன் சல்லடையில் கட்டினார்கள். பந்தியில் சாம்பார் நன்றாக இருந்தது என்று இன்றைக்கும் சொல்கிறார்கள்.

மறுநாள் காலை கார் முன்னைவிட அதிகமாக உதறியது. புதுக் குடித்தனம், அப்படித்தான் இருக்கும் என்று இரண்டு வாரம் பொறுத்தார்கள். கூலன்ட் டப்பா காலியாகிக்கொண்டே இருந்தது. சென்னியப்பன் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தார்.

சித்தரிடம் மறுபடி போனபோது வேறு தோஷம் தயாராக இருந்தது. இதற்கிடையில் கந்தவேல், சென்னியப்பனின் டிரைவருக்கு டீ வாங்கிக் கொடுத்துக் கம்பெனியைப் பற்றி அரை மணி நேரம் பேசியிருந்தார். யார் யார் வேலை செய்கிறார்கள், கார் எங்கே நிற்கும், பக்கத்தில் யார் உட்காருவார்கள் என்றெல்லாம்.

சித்தர் கண்ணை மூடினார். "தெக்க இருந்து வந்தவ. தாலி இல்லாதவ. பேருல முத்து இருக்குது. அவ நெழலு தெனமும் வண்டி மேல உழுவுது."

சென்னியப்பனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அவர் கம்பெனியில் அப்படி ஒருத்தர் இருந்தார். முத்துப்பேச்சி. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்தவர். புருஷன் இறந்து ஒன்பது வருஷம். செக்கிங் பிரிவில் பதினொரு வருஷமாகத் தைத்த துணியில் பழுது இருக்கிறதா என்று பார்க்கிறார். மதியம் கார் நிற்கும் கொட்டகையின் ஓரத்தில் உட்கார்ந்துதான் சாப்பிடுவார். வேறெங்கும் நிழல் இல்லை.

அவரை வேலையை விட்டு நிறுத்திய விதத்தைக் கேட்டால் கொங்கு நாட்டு மரியாதைக்கு ஒரு பரிசே கொடுக்கலாம். சென்னியப்பன் செக்கிங் மேசைக்கே வந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு பேசினார். "அம்மணி, தப்பா நெனைச்சுக்காதீங்க. உங்க வேலையில ஒரு குத்தமும் இல்லீங்க. காருக்குத்தானுங்க ஆகறதில்லை. நாளையிலிருந்து வர வேண்டாமுங்க. காப்பித்தண்ணி குடிச்சுட்டுப் போங்க."

முத்துப்பேச்சிக்கு முதலில் விளங்கவில்லை. "காருக்கா மொதலாளி? நா காருல ஏறுனதுகூட இல்லையே."

"நெழலுங்க."

"நெழலா? அது வெயிலடிச்சா எல்லாருக்குந்தான விழுகும்?"

சென்னியப்பன் காப்பிக்குக் கைகாட்டினார். காப்பி வந்தது. முத்துப்பேச்சி குடிக்கவில்லை. செக்கிங் மேசையில் கூட இருந்தவர்கள் துணியைப் பார்த்தபடி இருந்தார்கள். ஒருத்தரும் நிமிரவில்லை. வேலை போனதைவிட அதுதான் அவரை வருத்தியது. மறுநாள் தெருக் குழாயடியில் ஒரு பெண், தன் ஸ்கூட்டரை அவர் வரும்போது தள்ளி நிறுத்தினாள்.

மகள் ஜோதிகா முதலிபாளையம் தொழிற்பேட்டையில், சகாயராஜ் என்பவரின் கார் பட்டறையில் மெக்கானிக். ஆட்டோமொபைல் டிப்ளமோ படித்தவள். அம்மா சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு அவள் கேட்ட முதல் கேள்வி:

"காலையில மட்டும் ஆடுதா? சூடானா நின்னுருதா?"

"ஏத்தா, எனக்கு வேல போயிருச்சுங்குறேன். நீ காரப் பத்திக் கேக்குற."

"அம்மா, சொல்லும்மா. டிரைவர் என்ன சொன்னாரு? வெள்ளப் பொகையா? தண்ணி கொறையுதா?"

"கொறையுதாம். எங்க போகுதுன்னே தெரியலையாம். நாந்தான் குடிக்கிறேன்னு அதையும் சொல்லுவாக இனி."

"எஞ்சின்தாம்மா குடிக்குது" என்றாள் ஜோதிகா.

எஞ்சின் கட்டைக்கும் அதன் மேல் மூடியிருக்கும் ஹெட்டுக்கும் நடுவில் ஒரு மெல்லிய தகடு இருக்கும். ஹெட் கேஸ்கெட் என்பார்கள். தண்ணீர் போகும் வழியும் நெருப்பு எரியும் அறையும் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் காப்பது அதுதான். அதில் மயிரிழை வழி விட்டால் போதும். வண்டி நிற்கும் இரவில் கூலன்ட் கசிந்து சிலிண்டருக்குள் இறங்கிவிடும். காலையில் ஸ்டார்ட் செய்தால் நனைந்த பிளக் எரியாது, எஞ்சின் உதறும். தண்ணீர் ஆவியாகி வெள்ளைப் புகையாக வெளியே போனதும் அடங்கிவிடும். அதற்கு ஒன்றரை நிமிஷம். மந்திரமும் ஒன்றரை நிமிஷம். சித்தர் முட்டாள் இல்லை, கடிகாரம் பார்க்கத் தெரிந்தவர்.

ஜோதிகா சென்னியப்பனைப் போய்ப் பார்த்தாள். காரை ஒரு நாள் காலை பட்டறையில் நிறுத்தச் சொன்னாள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லி, மோர் கொடுத்து, "சாமி கை வெச்ச வண்டிய மத்தவங்க தொட்டா ஆகாதுங்க கண்ணு" என்று அனுப்பிவைத்தார். வாசல் வரை வந்த வேலாத்தாள் மெதுவாகக் கேட்டார்.

"ஏங்கண்ணு, உங்கம்மா போயி மூணு வாரமாச்சு. கார் இன்னும் ஆடுதே, அது எதனாலீங்க?"

"நீங்க அதச் சித்தர்கிட்டக் கேட்டீங்களா?"

"கேட்டேன். நெழலு பானட்ல ஒட்டிக்கிச்சாம். உரிக்கோணுமாம். ஞாயித்துக்கெழம வரச் சொல்லியிருக்கறாரு."

"அப்ப ஞாயித்துக்கெழம நானும் வர்றேங்க" என்றாள் ஜோதிகா.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது கொட்டகையில் அறுபது வண்டிகள். சென்னியப்பன் கார் இரவே வந்து நடுவில் நின்றது. நிழல் உரிக்க ஒரு புதுச் சீவுளி வாங்கி வைத்திருந்தார்கள். ஜோதிகாவும் சகாயராஜும் ஒரு காரில் வந்திறங்கினார்கள். சகாயராஜ் கூட்டத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். நம்பர் பிளேட்டில் மற்ற எல்லாரையும்விடத் தடிமனாகச் சந்தனம் அப்பியிருந்தது. பச்சை நிறம் ஒரு பொட்டுக்கூட வெளியே தெரியவில்லை.

"என்னம்மா உன் வண்டிக்கு?" என்றார் சித்தர்.

"சத்தமே வரமாட்டேங்குது சாமி."

சித்தர் தலையை ஆட்டினார். இதுபோல ஆயிரம் பார்த்தவர். ஸ்டெதஸ்கோப்பைப் பானட்டில் வைத்தார். கண்ணை மூடினார். கந்தவேல் மைக்கை அவர் வாயருகே கொண்டுபோனார்.

"நாலு சிலிண்டரு. மூணாவது சிலிண்டர்ல ஒரு பொம்பளை குத்தவெச்சு உக்காந்து அழுவறா. தலைய விரிச்சுப் போட்டிருக்கறா. கார்பன் படிஞ்ச சேலை."

கூட்டம் உச்சுக் கொட்டியது.

"நல்லாத் தெரியுதா சாமி? மூணாவது சிலிண்டர்தானா?" என்றாள் ஜோதிகா.

"மூணாவதுதான். நாலாவதுல அவ மாமியா இருக்கறா."

ஜோதிகா பானட்டைத் திறந்தாள். எஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பிளாஸ்டிக் தொட்டி. அதற்குள் சார்ஜ் ஏற்றும் வயர் சுருட்டி வைத்திருந்தது. பக்கத்தில் சகாயராஜின் டிபன் கேரியர். அது முழுக்கப் பேட்டரியில் ஓடும், பச்சை நம்பர் பிளேட் மாட்டிய மின்சாரக் கார். அதில் சிலிண்டர் மூன்றும் இல்லை, நான்கும் இல்லை. எஞ்சினே கிடையாது.

சித்தர் தொட்டியைப் பார்த்தார். டிபன் கேரியரைப் பார்த்தார். மூன்று விநாடிதான் தடுமாறினார். பிறகு கையை உயர்த்தினார்.

"எடுத்தாச்சு" என்றார். "கெட்டுப்போன எஞ்சின நான் எடுத்துட்டேன்."

ஜனம் சாஷ்டாங்கமாக விழுந்தது. முன் வரிசையில் ஒருவர் தேம்பி அழுதார். ஒரு சோதனை முடிந்தது. அதில் ஜெயித்தவர் சித்தர்.

ஜோதிகா அசரவில்லை. "ரொம்ப நன்றிங்க சாமி. எப்பத் திருப்பிக் குடுப்பீங்க?"

"எத?"

"எஞ்சின. கெட்டதோ நல்லதோ, அது எங்களோடது. எங்க வெச்சிருக்கீங்க?"

சித்தர் வானத்தைக் காட்டினார். அந்தச் சமயத்தில்தான் குண்டடத்திலிருந்து கோழி வண்டியோடு வந்திருந்த நல்லான் எழுந்தார். அவர் முகத்தில் பக்தி அப்படியே இருந்தது. கூடவே ஒரு பீதியும்.

"சாமி, உங்களுக்குப் புண்ணியமாப் போவுது. என்ற வண்டியில மட்டும் கை வெச்சராதீங்க. மத்தியானம் கோழி ஏத்தோணும்."

அவ்வளவுதான். அறுபது பேருக்கும் ஒரே நேரத்தில் அதே பீதி. ஓடினார்கள். எலுமிச்சம்பழங்கள் உருண்டன. அறுபது பானட்டுகளும் படபடவென்று திறந்தன. எஞ்சின் இருக்கிறதா என்று ஒவ்வொருவரும் குனிந்து பார்த்தார்கள். பலரும் தம் வண்டிக்குள் எட்டிப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

எஞ்சின் எல்லார் வண்டியிலும் இருந்தது. வேறு சிலவும் இருந்தன. "ஏனுங்க, இங்கொரு எலி குட்டி போட்டிருக்குதுங்க" என்றார் ஒருவர். "எனக்குத் தண்ணி டப்பா காஞ்சு கெடக்குது" என்றார் இன்னொருவர். ஒரு வண்டியில் பெல்ட் நூல் நூலாகப் பிரிந்து தொங்கியது. நல்லான் தன் பேட்டரியின் மேலிருந்து ஒரு கொத்துக் கோழி இறகை அள்ளி எடுத்தார். போன மாதம் சித்தர் அதற்கு ராகு என்று பெயர் சொல்லியிருந்தார்.

சித்தர் சூழ்நிலை கைமீறுவதைக் கண்டு, "நெழலு உரிக்கற நேரமாச்சு" என்று அவசரமாகச் சென்னியப்பன் காரிடம் போனார். அங்கே வேலாத்தாள் நின்றிருந்தார்.

"சாமி, இன்னிக்கு ஒரே ஒரு தடவ மந்திரம் சொல்லாம இருந்து பாக்கலாமுங்க."

"சொல்லாம ஸ்டார்ட் பண்ணுனா வெடிச்சுப் போயிரும் தாயி."

"என்ற காருதானுங்க. வெடிச்சா நான் பாத்துக்கறேன்."

சென்னியப்பன் தடுக்கப் போனார். வேலாத்தாள் ஒரு பார்வை பார்த்தார். அவர் பின்வாங்கினார். வேலாத்தாளே கதவைத் திறந்து உட்கார்ந்து பட்டனை அழுத்தினார். கார் தடதடவென்று உதறியது. வெள்ளைப் புகை கிளம்பியது. ஜோதிகா போனில் இருந்த ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு எல்லாரும் பார்க்கத் தூக்கிப் பிடித்தாள். சித்தரின் வாயைக் கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. அது மூடியிருந்தது. ஒரு நிமிஷம் முப்பத்தெட்டாவது விநாடியில் உதறல் நின்றது. இன்னும் கொஞ்ச நேரத்தில் எஞ்சின் தானாக அணைந்தது.

"மனசுக்குள்ள சொன்னேன்" என்றார் சித்தர்.

"சரிங்க" என்றாள் ஜோதிகா. பானட்டைத் திறந்து, பிளக்குக்கு மின்சாரம் தரும் காயில் ஒன்றின் வயரைக் கழற்றிவிட்டாள். "இப்ப வாய்விட்டே சொல்லுங்க."

எஞ்சின் மறுபடி எழுந்தது. உதறியது. சித்தர் மந்திரம் சொன்னார். ஒன்றரை நிமிஷம் போனது. உதறியது. மூன்று நிமிஷம். உதறியது. தெரிந்த மந்திரம் தீர்ந்துபோய் நவக்கிரகங்களைக் கூப்பிட்டார், பிறகு ஊர் ஊராக அம்மன்களைக் கூப்பிட்டார், கடைசியில் சீட் கவர் அளவுகளை முணுமுணுத்ததாகப் பக்கத்தில் நின்றவர்கள் சொல்கிறார்கள். பத்தாவது நிமிஷம் குரல் போனது. சோடா கேட்டார். அவர் குடித்துக்கொண்டிருக்கும்போது ஜோதிகா வயரை மாட்டினாள். டக் என்று ஒரு சத்தம். உதறல் நின்றது.

"இதுல எந்த மந்திரமும் இல்லீங்க. வயர மாட்டுனேன், அவ்வளவுதான்" என்றாள் கூட்டத்தைப் பார்த்து.

எஞ்சினை அணைத்துவிட்டு ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினாள். நுனியில் விளக்கு வைத்த மெல்லிய கேமராக் குழாயை ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் விட்டாள். போன் திரையில் சிலிண்டரின் உள்பக்கம் தெரிந்தது. மூன்று சிலிண்டர்கள் கரி படிந்து கறுத்துக் கிடந்தன. ஒன்று மட்டும் கழுவித் துடைத்த பாத்திரம் போலப் பளபளவென்று இருந்தது. அதன் சுவரில் பச்சையாக ஒரு சொட்டுக் கூலன்ட் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. சென்னியப்பன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இந்தத் தண்ணிதானுங்களா இத்தன நாளாக் காணாமப் போனது?"

"இதுதானுங்க. ஹெட் கேஸ்கெட் வழி விட்டிருக்கு. இன்னும் ஒரு மாசம் இப்படியே ஓட்டியிருந்தா எஞ்சினே போயிருக்கும்."

"மிஷினு ஆயிரம் சொல்லும்" என்று சித்தர் போன குரலில் தொடங்கினார். "ஆனா நம்பிக்கைன்னு ஒண்ணு..."

இதுவரை பேசாமல் நின்ற சகாயராஜ் முன்னால் வந்தார். சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தார். "ராஜவேலண்ணே, போன மாசம் உங்க காருக்கும் இதே கேஸ்கெட் போச்சு. எங்க பட்டறைக்குத்தான் கொண்டாந்து விட்டீக. முகத்துல மாஸ்க் போட்டுட்டு வந்தீக. ஷட்டர இறக்கிட்டு வேலை பாருங்கன்னு சொன்னீக. ஷட்டருக்கு உள்ள இருந்த இந்தப் பொண்ணுதான் மாத்திக் குடுத்துச்சு. உங்க வண்டிக்கு ஏன்ணே மந்திரம் சொல்லல?"

தாளில் ராஜவேலின் கையெழுத்து இருந்தது.

"வாடிக்கையாளர் விஷயம்னு இத்தன நாளும் வாய மூடிட்டு இருந்தேன். அது என் தப்புதான்" என்றார் சகாயராஜ் கூட்டத்திடம். "என் வாய் மூடியிருந்ததால இவுக அம்மாவுக்கு வேலை போச்சு."

தாள் கை மாறிக் கை மாறிப் போனது. யாரும் கத்தவில்லை. அதுதான் சித்தரை அதிகம் பயமுறுத்தியிருக்க வேண்டும். கந்தவேல் மைக்கை அணைத்துக் கீழே வைத்துவிட்டு பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தார். சித்தர் பின்பக்கம் நிறுத்தியிருந்த தன் காருக்கு ஓடினார். ஒரே அழுத்தில் ஸ்டார்ட் ஆனது, துளி உதறல் இல்லை. ஜோதிகாவின் கை வேலை அவ்வளவு சுத்தம். தாராபுரம் ரோட்டில் போனதாகக் கடைசியாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். அவர் மேல் புகார் கொடுக்க அறுபது பேரும் கிளம்பினார்கள். போகிற வழியிலேயே நாற்பது பேர் வெட்கப்பட்டுத் திரும்பிவிட்டார்கள்.

கூட்டம் திருந்திவிட்டதா என்று கேட்காதீர்கள். ஜோதிகா கேமராவைச் சுருட்டுவதற்குள் யாரோ அதன் மேல் குங்குமம் வைத்துவிட்டார்கள். "தாயி, எங்க வண்டிக்குள்ளயும் உங்க கண்ண உட்டுப் பாருங்க" என்று ஒருவர் காலைத் தொடக் குனிந்தார். ஜோதிகா காலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"இது கேமராங்க. கடையில விக்கிது, யாரு வேணும்னாலும் வாங்கலாம். கும்புடறதுக்கு முன்னாடி அந்தப் புத்தகத்த எடுத்து ஒரு பக்கம் படிங்க."

சென்னியப்பன் கார் முதலிபாளையம் போனது. நாலு நாளில் புதுக் கேஸ்கெட் போட்டு, ஹெட்டைச் சமன் செய்து கொடுத்தார்கள். அதற்கு மறுநாள் அவரும் வேலாத்தாளும் முத்துப்பேச்சியின் வாடகை வீட்டுக்குப் பழத்தட்டோடு போனார்கள். முத்துப்பேச்சி வாங்க என்று சொன்னார். தட்டை வாங்கவில்லை.

"என்னைய அனுப்பினது அறுபது பேரு முன்னாடி. கூப்பிடுறது மட்டும் வீட்டுக்குள்ள வச்சா மொதலாளி? கம்பெனியில வச்சுச் சொல்லுங்க. அந்தக் கெட்டுப்போன தகட்டையும் கொண்டாங்க."

திங்கட்கிழமை டீ நேரத்தில் மிஷின்களை நிறுத்தினார்கள். சென்னியப்பன் செக்கிங் மேசைக்குப் பக்கத்தில் நின்றார். கையில் பழைய கேஸ்கெட். தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "காரு கெட்டது இதனாலதானுங்க. முத்துப்பேச்சியம்மாவால இல்லீங்க. நான் பண்ணுனது தப்புங்க." அன்றைக்கு நிமிராத செக்கிங் பெண்கள் இப்போது நிமிர்ந்து பார்த்தார்கள். ஒருத்தி எழுந்து வந்து முத்துப்பேச்சியின் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

முத்துப்பேச்சி உட்காரவில்லை. கேஸ்கெட்டை வாங்கி, துணி பார்க்கும் வெள்ளை விளக்குக்கு நேராகப் பிடித்தார். இரண்டு பக்கமும் திருப்பினார். பதினொரு வருஷமாகத் துணியில் ஊசி நுனி ஓட்டையைத் தேடிப் பிடித்த கண். ஐந்து விநாடி ஆனது. பழுது இருக்கும் இடத்தைக் காட்டத் துணியில் ஒட்டுவார்களே, சின்னச் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர், அதில் ஒன்றை உரித்துத் தகட்டில் ஒட்டினார். அம்புக்கு நேராக, இரண்டு ஓட்டைகளுக்கு நடுவில், மயிரளவுக்கு ஒரு கறுப்புக் கோடு.

பிறகு இன்னொரு ஸ்டிக்கரை உரித்துச் சென்னியப்பனின் விரல் நுனியில் வைத்தார்.

"தகட்டுல இருந்த பழுதுக்கு நா ஒட்டிட்டேன் மொதலாளி. இன்னொண்ணு எங்க இருக்குன்னு பாத்து நீங்களே ஒட்டிக்கிருங்க."

சென்னியப்பன் ஸ்டிக்கரையே பார்த்துக்கொண்டு நின்றார். வேலாத்தாள் கையை நீட்டி, "எனக்கும் ஒண்ணு குடுங்க அம்மணி" என்றார். தையல் பக்கத்திலிருந்து, சித்தரிடம் ஸ்கூட்டரைக் காட்டிவிட்டு வந்த இரண்டு பேர் தலையைச் சொறிந்தபடி எழுந்து வந்து வரிசையில் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் மேனேஜர்.

அந்த ஸ்டிக்கர் எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. ஒரு தாளில் நூறு இருக்கும். உங்கள் வீட்டிலும் ஒரு தாள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எங்கே ஒட்டுவது என்பதற்கு மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கும். அதற்காக யாரிடமும் போய் நிற்காதீர்கள்.